ஒன்பதாவது கதவு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த முட்டாள்தனத்துக்கு நீங்கள் வேறு காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

தொழில் தையல். பள்ளிச் சீருடைதான் அதிகம். ஐந்து வருடத்துக்கு முன்னால் என் கணவரின் அக்கா ஒரு குழு தொடங்கினார். நீதிமன்றத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர், சும்மா உட்காரத் தெரியாதவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். குழுவின் வேலை இதுதான்: அரசாங்கம் போட்ட சாலை, கட்டிய சாக்கடை, நட்ட விளக்குக் கம்பம் எதுவானாலும் விண்ணப்பம் போட்டு பில்லின் நகலை வாங்குவோம். அந்த இடத்துக்கே எடுத்துப்போய் ஆட்களைக் கூட்டி உரக்க வாசிப்போம். பில்லில் இருப்பது தரையில் இருக்கிறதா என்று அளப்போம். அளப்பது என் பொறுப்பு. எந்நேரமும் கழுத்தில் டேப் தொங்குகிற ஆள் வேறு யார்?

மூன்றாம் வருடம் தலைநகரத்திலிருந்து ஒரு அறக்கட்டளை எங்களைத் தேடிவந்து நிதி கொடுத்தது. ஊழல் ஒழிப்பு, வெளிப்படைத்தன்மை, மக்கள் பங்கேற்பு என்று அவர்கள் படிவம் முழுக்கப் பெரிய பெரிய வார்த்தைகள். எங்களுக்கு அதன் பொருள் அலுவலக வாடகை, ஜெராக்ஸ் செலவு, எனக்கும் அண்ணிக்கும் சம்பளம். முதல் சம்பளத்தைக் காட்டியபோது என் கணவர், "சண்டை போடுறதுக்குச் சம்பளமா? வீட்ல இத்தனை வருஷமா இலவசமாத்தானே போட்டுக்கிட்டிருந்த" என்றார். லாரி மெக்கானிக். வாய் மட்டும் வக்கீல் வாய்.

அண்ணியிடம் ஒரு கண்டிப்பு உண்டு. அலுவலக வாசலில் கண்ணாடி போட்ட பலகை ஒன்று. கையில் கிடைக்கும் அரசாங்கத் தாள் எல்லாம் அதில் ஏறும். எங்கள் செலவுச் சீட்டும் அதே பலகையில் ஏறும், டீ வாங்கியதுவரை. ஏறியதைக் கிழிக்கக் கூடாது. "அடுத்தவன் கதவைத் தட்டுறதுக்கு முன்னாடி நம்ம கதவு திறந்திருக்கணும்" என்பார்.

இனி என் மகளின் கதை. எட்டாம் வகுப்பு, அரசுப் பெண்கள் பள்ளி. காலையில் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுப்பேன். மாலையில் அது நிரம்பியபடியே திரும்பி வரும். இரண்டு முறை காய்ச்சல் வந்து, சிறுநீர் போகும்போது எரிகிறது என்று அழுதாள். டாக்டர் சோதித்துவிட்டு, கிருமித் தொற்று, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அடக்கி வைக்கக் கூடாது என்றார். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி, பாட்டிலை என்ன அழகுக்கா கொண்டு போற?"

"குடிச்சா போகணும்மா."

"போயேன்."

"எங்கம்மா போறது? அறுநூறு பேருக்கு நாலு இருக்கு. அதுல ரெண்டுக்குத் தாழ்ப்பாள் இல்ல. யாராவது வெளிய நின்னு கதவைப் பிடிச்சுக்கணும். பெல் அடிச்சுடும்."

போன வருடம்தான் அந்தப் பள்ளியில் புதுக் கழிப்பறைகள் கட்டியதாகச் செய்தி வந்தது. அன்றே விண்ணப்பம் எழுதினேன்.

பொதுப்பணி அலுவலகத்தின் பதிவறையில் ஒரு ஊழியர். கோப்பு அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது, எண்ணைக்கூட என்னால் படிக்க முடிந்தது. "நாளைக்கு வாம்மா" என்றார். பதினோரு நாளைக்குப் பதினோரு தடவை போனேன். பன்னிரண்டாம் நாள் வீட்டில் மகள் மூன்றாம் முறை காய்ச்சலோடு படுத்திருந்தாள். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே மறுபடி "நாளைக்கு" என்றார். பையில் இருந்த முந்நூறை எடுத்து மேசைமேல் வைத்தேன். அரை மணி நேரத்தில் நாற்பத்தாறு பக்கமும் சுடச்சுடக் கையில் வந்தது.

அதோடு விட்டிருந்தால் வழக்கமான கதை. ஊரில் யார் கொடுக்கவில்லை? நான் அலுவலகத்துக்குப் போய், பழக்க தோஷத்தில், சீட்டு எழுதினேன். "பதிவறை ஊழியருக்கு லஞ்சம், முந்நூறு" என்று தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு, பலகையில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, அதை நான் கண்ணாடி போட்டு வைத்தேன்.

மறுநாள் அண்ணி பலகை முன்னால் நின்றபடியே என்னைக் கூப்பிட்டார்.

"இது என்ன?"

"செலவுச் சீட்டு அண்ணி."

"லஞ்சம் கொடுத்தியா?"

"கொடுத்தேன்."

"கொடுத்ததும் குற்றம்தான், தெரியுமில்ல? கோர்ட்ல முப்பது வருஷம் அதைத்தான் டைப் அடிச்சேன்."

திட்டினால் திருப்பிப் பேசியிருப்பேன். அவர் திட்டவில்லை, தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அது ரொம்ப வலித்தது.

ஆனாலும் அந்த நாற்பத்தாறு பக்கமும் தங்கம். பன்னிரண்டு கழிப்பறை கட்டி முடித்ததாகப் பொறியாளரின் சான்று. கதவுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு புகைப்படம். மற்றவர்கள் அதைப் பார்த்தால் பன்னிரண்டு கதவு தெரியும். தையல்காரி கண்ணுக்கு வேறு தெரிந்தது. முதல் படத்தில் கதவின் அடியில் பெயின்ட் உரிந்து ஒரு சின்னத் திட்டு. ஐந்தாவதிலும் அதே திட்டு. ஒன்பதாவதிலும் அதேதான். நான்கு கதவை மூன்று கோணத்தில் எடுத்திருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இங்கே பூசணிக்காயே வாங்கவில்லை, பில் மட்டும் இருக்கிறது.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அன்று பள்ளி மைதானத்தில் வாசிப்பு என்று முடிவு செய்து எல்லோருக்கும் கடிதம் அனுப்பினோம், பொறியாளருக்கும்.

வியாழக்கிழமை காலை அறக்கட்டளையின் அதிகாரி வந்து இறங்கினாள். நல்ல பெண், முப்பது வயதிருக்கும். எங்களுக்குள் நிதி மேடம் என்போம். உட்காரும் முன்பே போனை நீட்டினாள். என் சீட்டின் புகைப்படம், என் கையெழுத்தோடு. கழிப்பறை கட்டிய ஒப்பந்தக்காரரின் ஆள் யாரோ வாசலில் நின்று எடுத்திருக்கிறான்.

"அக்கா, இதைப் பொதுப்பணி அலுவலகம் நேரா எங்க தலைமைக்கு அனுப்பியிருக்கு. ஊழலை ஒழிக்கக் கொடுத்த நிதியில லஞ்சமான்னு கேக்கறாங்க."

"அது நிதிப் பணம் இல்ல மேடம். என் பையில இருந்த தையல் காசு. சீட்டைத்தான் பலகைல ஒட்டினேன்."

"அதெல்லாம் யாரு கேக்கப் போறாங்க? இதோ பாருங்க, ஒரு வழி இருக்கு. சீட்டைக் கிழிச்சுடுங்க. 'போக்குவரத்து'ன்னு வேற எழுதுங்க. கழிப்பறை விஷயத்தை இப்போதைக்கு ஒத்திவைங்க. அவங்களும் இதைப் பெருசாக்க மாட்டோம்னு சொல்லியிருக்காங்க. அடுத்த ரெண்டு வருஷ நிதிக்கு நான் கையெழுத்து வாங்கித் தரேன்."

"ஒத்திவைக்கலேன்னா?"

"நிறுத்திடுவாங்க. நான் என்ன செய்யட்டும் அக்கா? எனக்கும் மேல ஆள் இருக்காங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்க படிவத்துல வெளிப்படைத்தன்மைன்னு எத்தனை தடவை எழுதியிருக்கு, எண்ணிப் பார்த்திருக்கீங்களா?" என்று ஆரம்பித்தேன். அண்ணி கையை உயர்த்தினார். இவரும் கிழிக்கத்தான் சொல்லப்போகிறார், என்மேல் இருக்கிற கோபம் அப்படி என்று நினைத்தேன்.

"மேடம்," என்றார் அண்ணி, "இவ செஞ்சது தப்பு. அதுக்கு நான் இவகிட்ட இன்னும் சரியாப் பேசல. ஆனா கிழிக்கிற பழக்கம் இந்தப் பலகைக்குக் கிடையாது. இன்னைக்கு நம்ம சீட்டைக் கிழிச்சா, நாளைக்கு அவங்க பில்லை எந்த மூஞ்சியோட ஒட்டுறது?"

"வாடகைக்கு என்ன பண்ணுவீங்க?"

"இவ தையல் கடை வாசல்ல பலகைக்கு ஒரு ஆணி அடிக்க இடம் இருக்கு."

என்னைக் கேட்கவே இல்லை. கடை என்னுடையது. ஆனால் அந்த நிமிடம் அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அதற்குப் பதிலாகக் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு எங்கள் துணிப் பதாகை இருந்த மூலைக்குப் போனேன். கீழே அறக்கட்டளையின் பெயர் அச்சிட்டிருந்த பட்டையை நேராக வெட்டி, மடித்து, மேடத்தின் கையில் கொடுத்தேன்.

"உங்க பேருக்குக் கறை வேணாம் மேடம். சனிக்கிழமை நாங்க எங்க பேர்ல நிக்கிறோம்."

அவள் அந்தத் துணியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் மகள் குடிக்காமல் திருப்பிக் கொண்டுவரும் பாட்டில் கண்முன் வந்தது.

அன்று சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊரார் சொல்லித் தெரிவதைவிட நான் சொல்லித் தெரியட்டும். "கேஸ் போட்டு உன்னைப் பிடிச்சுட்டுப் போவாங்களாம்மா?" என்றாள். "போட்டாலும் போடுவாங்க" என்றேன். "எனக்காகவா கொடுத்த?" என்றாள். "கோபத்துல கொடுத்தேன். உனக்காகத்தான் அந்தக் கோபம்" என்றேன். அவள் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகித் திருகிப் பார்த்தாள்.

சனிக்கிழமை மைதானத்தில் இருநூறு பெற்றோர், அதற்கு மேல் பிள்ளைகள். நாங்கள் கூப்பிட்ட எந்த வாசிப்புக்கும் இதுவரை வராத பொறியாளர் அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், மடித்த சட்டைக் கையோடு. மடியில் என் சீட்டின் படம், பெரிதாக அச்சடித்தது. அதை எப்போது தூக்கிக் காட்டலாம் என்று காத்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

மைக்கைப் பிடித்தேன்.

"பில்லை வாசிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சீட்டை வாசிக்கிறேன். இந்தத் தாளை வாங்க, பதிவறையில முந்நூறு லஞ்சம் கொடுத்தது நான்தான். தேதி, கையெழுத்து எல்லாம் எங்க பலகைல இருக்கு. தப்புதான். போலீஸ் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். என் பேர் முதல்ல வரட்டும். இனி மத்தவங்க பேரை வாசிக்கிறேன்."

பொறியாளர் மடியில் இருந்த படத்தைத் தூக்கப் போனவர், பாதியில் கையை இறக்கிக்கொண்டார். நான் சொன்ன பிறகு அதில் காட்ட என்ன இருக்கிறது? கடைசி வரிசையில் நிதி மேடம் நின்றிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

வாசித்தேன். பன்னிரண்டு கழிப்பறை, பன்னிரண்டு கதவு, பன்னிரண்டு தாழ்ப்பாள், தொகை, சான்றின் தேதி, கையெழுத்திட்டவர். படங்களை அண்ணி தூக்கிக் காட்டினார். பெயின்ட் திட்டைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தோம். கூட்டத்தில் ஒரு அப்பா, "ஒரே கதவுக்கு எத்தனை கல்யாணம்டா" என்றார். சிரிப்பு எழுந்தது.

பொறியாளர் எழுந்தார். மைக் வாங்கவில்லை, குரலே போதும் அவருக்கு.

"லஞ்சம் கொடுத்ததா இவங்களே சொல்லிட்டாங்க. இப்படி வாங்கின பேப்பரை நம்பி அரசாங்கத்தைக் குற்றம் சொல்லாதீங்க. பன்னிரண்டும் கட்டியாச்சு. பன்னிரண்டும் பயன்பாட்டுல இருக்கு. நானே வந்து பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பிள்ளைகள் பக்கத்திலிருந்து என் மகள் எழுந்து வந்தாள். கையில் அந்தப் பாட்டில். பொறியாளருக்கு நேர் எதிரே நின்று, மூடியைத் திருகி, அண்ணாந்து, குடிக்க ஆரம்பித்தாள். பாதியில் மூச்சு வாங்கினாள், மறுபடி குடித்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தாள். அவள் அந்தப் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து பாட்டில் அங்கே காலியானதை நான் பார்த்தது அன்றுதான்.

"சார், எனக்குப் போகணும்," என்றாள். "முதல் நாலுலயும் ஆள் இருக்காங்க. ஒன்பதாவது எங்க சார் இருக்கு?"

"பின்னாடி இருக்கும், போய்ப் பாரும்மா."

"நான் ஒரு வருஷமா பார்க்கிறேன் சார், கிடைக்கல. நீங்க பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க. வாங்க, காட்டுங்க."

அவளுக்குப் பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். அப்புறம் மூன்று பேர். அப்புறம் எட்டாம் வகுப்பு முழுக்க. யாரும் கோஷம் போடவில்லை. அவசரத்துக்கு வரிசையில் நின்று பழகிய பிள்ளைகள், அதே பழக்கத்தில் அவருக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். பெற்றோரும் எழுந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் பொறியாளர் நடந்தார். நான் கழுத்திலிருந்த டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே போனேன்.

வகுப்பறைக் கட்டடத்தைச் சுற்றினோம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பிள்ளைகள் கதவுகளைத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார்கள். நான்காவதைத் தாண்டி அவர் இன்னும் பத்தடி நடந்தார். அதற்குமேல் மதில் சுவர். அவர் நின்றார்.

என் மகள் அவர் முகத்தையும் பார்த்தாள், சுவரையும் பார்த்தாள். காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு நிஜமாகவே அவசரம்.

"இங்கேயா சார்?" என்று கேட்டாள்.