அம்மனுக்கு இன்று என்ன புடவை

மறுநாள் காலை அம்மாவுக்கு முட்டியில் ஆபரேஷன். அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை நான் உண்மையாகவே மலை ஏறினேன்.

அதற்கு முன் ஒன்றரை வருடமாக ஏறியதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா வேறு ஊரில், அண்ணன் வீட்டில் இருக்கிறாள். எனக்கு மீன் பெட்டிகள் அடுக்கும் குளிர்கிடங்கில் இரவு வேலை. காலை ஏழு மணிக்கு அறைக்கு வந்து, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு வெளிச்சத்தை அடைத்துப் படுப்பேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவள் போன் வரும்.

"மலைக்குப் போனியாடா?"

"போனேம்மா."

"அம்மனுக்கு இன்னிக்கு என்ன புடவை?"

கண்ணைத் திறக்காமலே ஒரு நிறம் சொல்வேன். கரை என்ன நிறம், கூட்டம் எப்படி, எந்த இடத்தில் மூச்சு வாங்கியது என்று கேட்பாள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கல்லூரியைப் பாதியில் விட்ட எனக்கு ஒன்றரை வருடம் ஓடியது. அண்ணன் என்னை ஆந்தை என்பான். ஆந்தைக்கும் ஏதோ ஒரு திறமை இருக்கத்தான் செய்கிறது.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் கூப்பிட்டாள். "நாளைக்கு ஒரு வார்த்தை சேர்த்து வேண்டிக்கடா. பயமா இருக்கு." எதற்கும் பயம் என்று சொல்லாதவள். கத்தி வைக்கிற விஷயத்தில் பொய் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

வேலை முடிந்து நேராகப் பஸ் ஏறினேன். மலைக்கு இரண்டு வழி. தார் ரோட்டுப் பக்கம் ஒன்று. பின்பக்கம், ராஜா காலத்தில் பாறையில் வெட்டிய படிகள். சின்ன வயதில் அம்மா எங்களை ஏற்றிப் போனது பின்பக்கம்தான். அடிவாரத்தில் பெட்டிக்கடை அக்கா, "தம்பி, மேல..." என்று ஆரம்பித்தார். வம்பளக்க வருகிறார் என்று நினைத்து நழுவினேன்.

படிகள் நடுவில் கிண்ணம் மாதிரி தேய்ந்திருந்தன. எதிரே ஒருவரும் இறங்கவில்லை, பின்னால் ஒருவரும் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்கு ஆள் வராதா என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆளில்லாத இடம் எனக்குப் பழகிப்போனது.

மேலே கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டி, நீலத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். பெரிய கதவில் பூட்டு. வாட்ச்மேன் படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"என்ன தம்பி, வழி தவறிட்டீங்களா?"

"சாமி கும்பிட வந்தேன்."

"கூரைக் கல்லு வெடிச்சு எட்டு மாசமா பூட்டிக் கிடக்கு. கீழ தார் ரோட்டு மண்டபத்துல படம் வச்சுப் பூஜை பண்றாங்க. ஊரே அங்க கும்பிடுது. நீங்க மட்டும் என்ன ஸ்பெஷலா?"

"அங்க அம்மனுக்குப் புடவை கட்டுவாங்களா?"

"படத்துக்கு எங்கய்யா புடவை? பூ மட்டும்தான்."

எட்டு மாதம். முப்பத்துச் சொச்சம் வெள்ளிக்கிழமை. அத்தனை புடவை கட்டிவிட்டிருந்தேன்.

போன் அடித்தது. மணி பத்து.

"மலைக்குப் போனியாடா?"

"மேலதான் நிக்கிறேன்."



"அம்மனுக்கு என்ன புடவை?"

பச்சை என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"கதவு பூட்டியிருக்கும்மா. எட்டு மாசமாச்சாம்."

"தெரியும். உன் அண்ணி அப்பவே பேப்பர்ல படிச்சுச் சொன்னா."

"தெரிஞ்சுதான் வாராவாரம் கேட்டியா?"

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொன்னே. ஒரு வாரம் அரக்குல மஞ்சக் கரைன்னியே, அது எனக்கே கட்டிக்கணும் போல இருந்துச்சு."

"என்னைத் திட்டியிருக்கலாம்ல?"

"திட்டினா மறுவாரம் போனை எடுப்பியா?"

எடுத்திருக்க மாட்டேன்.

"வேற என்ன இருக்கு மேல?" என்றாள்.

சாரம், தார்ப்பாய், டிபன் பாக்ஸ் என்றேன். அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. மற்ற வாரங்களில் பத்து நிமிடம் பேசுவோம். இப்போது இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரட்டுமா என்று நான் கேட்கவில்லை. வா என்று அவளும் சொல்லவில்லை.

"கீழ மண்டபத்துல வேண்டிக்கிறேம்மா."

"வேண்டிக்கிட்டு ரூமுக்குப் போய்த் தூங்கு. நர்ஸ் கூப்பிடுது, வைக்கிறேன்." வைக்கவில்லை. "டேய், அடுத்த வெள்ளிக்கிழமை ஏறாதே. உன் முட்டியும் போயிடும். பழைய மாதிரி படுத்துக்கிட்டே சொல்லு."