விமானியின் இடது கை

"நெருப்புப்பொறி பட்ட தழும்பைக்கூடக் காணோம், அக்கா. உங்க கைக்கு ஒரு கும்பிடு!" என்று வெல்டர் அனுப்பிய செய்தியைப் படித்ததும் பல்லக்கா மெருகேற்றிக்கொண்டிருந்த பல்லைக் கீழே வைத்துவிட்டாள். பாராட்டைப் படித்துப் பயந்தவர்கள் உலகத்தில் குறைவாகத்தான் இருப்பார்கள். ஆனால் அந்தத் தழும்பை அவள் தொடவே இல்லையே! தொடாத தழும்பு எப்படிக் காணாமல் போகும்?

பதில் அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் பயம்.

பல்லக்காவுக்குத் தொழில் பல் செட் செய்வது. டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அவள் அக்ரிலிக் குழைத்து, பல் வைத்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள். மிச்சமிருக்கும் நேரமெல்லாம் 'ஏழாம் சுற்றுப்பாதை'க்கு. எப்போதோ ஓடி முடிந்துபோன விண்வெளித் தொடர் அது. அதன் பாத்திரங்களை விரல் நீளப் பொம்மைகளாக விற்றார்கள். அவற்றைச் சேர்க்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அங்கே போய் 'பொம்மை' என்று சொல்லிவிட்டால் தொலைந்தோம். 'ஃபிகர்' என்றுதான் சொல்ல வேண்டும். கை உடைந்த, கால் கழன்ற ஃபிகர்களெல்லாம் பல்லக்காவின் மேசைக்குத்தான் வரும். பல் செய்கிற கைக்கு விரல் செய்வது பெரிய காரியமா?

போன மாதம் விமானி ஃபிகர் இரண்டு ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒன்று வெல்டருடையது. பட்டறையிலேயே வைத்திருந்ததால் தலைக்கவசத்துக்குக் கீழே, பிடரியில், ஒரு பொறி பட்டுக் கருகியிருந்தது. இடது கை தோளோடு போய்விட்டது. இன்னொன்று குமாஸ்தாவுடையது. ஒரு குறையும் இல்லை, தூசு தட்டிக் கொடுத்தால் போதும் என்றார். வெல்டரின் விமானிக்குக் கை செய்ய மாதிரி வேண்டியிருந்தது. குமாஸ்தாவின் விமானியிடமிருந்தே அச்சு எடுத்துக்கொண்டாள். அந்தக் கையில் மூன்று சின்னப் பள்ளங்கள் இருந்தன. அச்சிலும் அவை விழுந்தன, பல்லுக்கான அக்ரிலிக்கிலேயே வார்த்த புதுக் கையிலும் வந்தன. அவள் அவற்றை நிரவவில்லை. கோணல் பல் வந்தால் கோணலாகவே வார்ப்பதுதான் அவள் தொழில் புத்தி.

சாம்பல் நிறம் அச்சு அசலாகப் பொருந்தியது. இரண்டு விமானிகளும் தட்டில் இரட்டைப் பிள்ளைகள் போல நின்றன. பழுது பார்த்ததற்கு அடையாளமாக இடது பாதத்தின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைக்க வேண்டும் என்பது சங்கத்து விதி. பொட்டு வைக்கப் போன சமயம் பார்த்து ஒரு டாக்டர் போனில் கத்தினார். கத்தலைக் கேட்டுக்கொண்டே பொட்டை வைத்தாள். வைத்தது குமாஸ்தாவின் அசலுக்கு. பொட்டைப் பார்த்துத்தான் எது யாருடையது என்று பிரித்துக் கொடுத்தாள். பிடரியைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

அதனால் இப்போது குமாஸ்தாவிடம் இருப்பது ஒட்டுக் கை வைத்த விமானி, பொட்டு இல்லாமல். அதை அவர் இன்றைக்குச் சங்கக் கூட்டத்தில், பழுதே பார்க்காத 'அசல்' வரிசையில் வைக்கப் போகிறார். இன்றைக்கென்று எக்ஸ்ரே சார் ஊதா விளக்கு கொண்டுவருகிறார்.

எக்ஸ்ரே சார் ஆஸ்பத்திரியில் படம் எடுப்பவர், சங்கத்துக்குச் செயலாளர். போன கூட்டத்தில் அந்த விளக்கைப் பல்லக்கா செய்த ஒரு பல்லின் மேலேயே அடித்துக் காட்டினார். பல் பளீரென்று நீலவெள்ளையாக மின்னியது. பழைய பிளாஸ்டிக் மின்னவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அவளும்தான் தட்டினாள், விவரம் புரியாமல்.

பொட்டில்லாத ஒட்டு வேலையை அசல் என்று வைத்தவனுக்குச் சங்கத்தில் இடமில்லை. போன வருடம் சலூன்காரருக்கு அதுதான் நடந்தது. அவர் எவ்வளவோ சொல்லியும் ஒருவரும் காது கொடுக்கவில்லை. அவருக்காவது கடையில் பேச நாலு பேர் உண்டு. குமாஸ்தாவுக்கு யார் இருக்கிறார்கள்? வாரம் முழுக்க யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாயைத் திறக்கிற மனிதர்.

போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். பஸ்ஸில் இருப்பார், போன் பையின் அடியில் கிடக்கும்.

"என்ன, ஃபிகர் பார்க்கப் போற அவசரமா?" என்றான் தையல் மெஷினில் இருந்த புருஷன். வாராவாரம் சொல்கிற நகைச்சுவைதான். அவள் முகத்தைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மாத்திக் குடுத்துட்டேன்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்றான்.

"சொன்னா அப்புறம் எவன் என்கிட்ட ஒரு கால் குடுப்பான், ஒரு கை குடுப்பான்?"

"சொல்லலேன்னா?"

அவள் சிவப்பு நகப்பூச்சைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள். யாரும் பார்க்காத நேரத்தில் பொட்டை வைத்துவிட்டால் குமாஸ்தா தப்பிப்பார். அப்புறம் நிதானமாக ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். என்ன சொல்வது என்றுதான் புரியவில்லை.

மெத்தைக் கடைக்கு மாடியில் இருந்தது சங்கத்தின் கூடம். அவள் போய்ச் சேர்ந்தபோது எக்ஸ்ரே சார் ஜன்னல் திரைகளை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். குமாஸ்தா இஸ்திரி போட்ட சட்டையில், தலையைப் படிய வாரிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். எதிரே விமானி. "வாங்கம்மா, இத கொஞ்சம் பாத்துக்குங்க. தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று அவரே எழுந்து போனார்.

பல்லக்கா விமானியைத் தூக்கினாள். பிடரியில் கருகல் இருந்தது. கடைசி நம்பிக்கையும் போயிற்று. நகப்பூச்சின் மூடியைத் திறந்தாள், தூரிகை அவள் விரலில்தான் பட்டது. அடுத்தவர் வாயில் உட்காரும் பல்லை மயிரிழை பிசகாமல் செய்கிற கைக்கு ஒரு பொட்டு வைக்க வரவில்லை.

"என்னம்மா பண்றீங்க?"

குமாஸ்தா பின்னால் நின்றார். அவள் நகப்பூச்சை உள்ளங்கைக்குள் மறைத்தாள். அவராகவே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டார் போலிருக்கிறது, சிரித்தார்.

"கையப் பாக்குறீங்களா? நானே சொல்லணும்னு இருந்தேன். தூசு தட்டக் குடுத்துட்டு அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல. பள்ளத்த எல்லாம் நிரவி வழவழன்னு ஆக்கிடுவீங்களோன்னு. நீங்க தொடல. அது என் பொண்ணு கடிச்சது. பல்லு முளைக்கிறப்ப எதக் கண்டாலும் கடிப்பா."

பல்லக்கா விமானியை மெல்ல மேசையில் வைத்தாள்.

"அவ அம்மா அவளக் கூட்டிட்டுப் போனப்ப ஒண்ணு விடாம எடுத்துட்டுப் போயிட்டா. இது மட்டும் என் சட்டைப் பையில மாட்டிக்கிச்சு. இப்ப தெருவுல எதிர்ல வந்தாக்கூட அவளுக்கு என்னத் தெரியாது. தினமும் இதத் தடவிப் பாத்துட்டுத்தான் படுப்பேன்."

இது வரை அவளுக்கு ஒரே பயம்தான் இருந்தது. இப்போது அதைவிடப் பெரிதாக இன்னொன்று. சொல்லாமல் இருந்தால் இவர் மானம் போகும். சொன்னால் இவர் மகளே கையை விட்டுப் போய்விடுவாள். எக்ஸ்ரே சார் முதல் மேசையில் விளக்கைப் போட்டுவிட்டார். இருட்டில் ஊதா வட்டம் நகர ஆரம்பித்தது. நடுவில் இரண்டே மேசைகள்.

"அண்ணா, இது உங்களுது இல்ல" என்றாள். தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. அச்சு, பொட்டு, டாக்டரின் கத்தல், பிடரித் தழும்பு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

குமாஸ்தா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "அப்ப அவ கடிச்சது வெல்டர்கிட்டயா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

வெல்டர் எதிர் வரிசையில்தான் இருந்தார். அவர்கள் வருவதைப் பார்த்ததும் விமானியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அக்கா! உங்க வேலையில ஒரே ஒரு குறைதான். கோவிச்சுக்கக் கூடாது. கையில குட்டிக்குட்டியா பள்ளம் விட்டிருந்தீங்க. பட்டறைக்காரன் விடுவேனா? நைஸ் அரம் போட்டு இழைச்சுட்டேன். பாருங்க, வெண்ணெய் மாதிரி!"

குமாஸ்தா அந்தக் கையைக் கட்டைவிரலால் தடவினார், ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே. விரல் எங்கேயும் நிற்கவில்லை. விஷயம் புரிந்ததும் வெல்டரின் முகம் செத்துப்போனது. "அண்ணே, எனக்குத் தெரியாதுண்ணே, இந்தாங்க, எடுத்துக்குங்க" என்று நீட்டினார்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி. அதுல இப்ப ஒண்ணும் இல்ல."

அதற்குள் எக்ஸ்ரே சார் குமாஸ்தாவின் மேசைக்கு வந்துவிட்டார். ஊதா வெளிச்சத்தில் விமானியின் இடது கை மட்டும் நீலவெள்ளையாகப் பற்றி எரிந்தது. "குமாஸ்தா, நீங்களா இப்படி?" என்றார் எக்ஸ்ரே சார்.

"தப்பு என்னோடது!" என்று பல்லக்கா கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "ரெண்டையும் நான்தான் மாத்திக் குடுத்துட்டேன். பொட்ட மாத்தி வச்சதும் நான்தான். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

அவளிடம் கொடுக்க ஃபிகர் கொண்டுவந்திருந்த இரண்டு பேர் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் தங்கள் பைக்குள்ளேயே திரும்ப வைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள். வைத்துக்கொள்ளட்டும். எக்ஸ்ரே சார் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கை அணைக்கப் போனார்.

"சார், அணைக்காதீங்க" என்றார் குமாஸ்தா.

வெல்டரின் மேசையிலிருந்து மெல்ல நடந்து வந்து குனிந்தார். மின்னுகிற கையில் மூன்று பள்ளங்களும் கருப்பாக, துல்லியமாகத் தெரிந்தன. இத்தனை தெளிவாக அவர் அவற்றை இதற்குமுன் பார்த்ததில்லை. பல்லக்காவும் பக்கத்தில் குனிந்தாள். இத்தனை நாள் வெறும் பள்ளமாகத் தெரிந்தது இப்போது அவளுக்குப் பல்லாகத் தெரிந்தது.

"கீழ்ப்பல்லு ரெண்டு. மேல ஒண்ணே ஒண்ணு. அதுவும் அப்பத்தான் எட்டிப் பாத்திருக்கு" என்றாள்.

"ஆமா" என்றார் குமாஸ்தா. "ஆமா, மேல ஒண்ணுதான் இருந்துச்சு. நான் மறந்தே போயிட்டேன்." கட்டைவிரலால் தடவினார், விரல் மூன்று இடத்தில் நின்றது.

பிறகு அவரே நகப்பூச்சை அவள் கையிலிருந்து வாங்கி, விமானியைக் கவிழ்த்து, இடது பாதத்தில் பொட்டு வைத்தார். காயட்டும் என்று ஊதினார்.

"அந்த அச்சு இன்னும் இருக்காம்மா?"

"இருக்குண்ணா."

"தூக்கிப் போட்டுடாதீங்க" என்றார்.