மறுபாதி முத்திரை

எல்லோரும் அவரை இடுக்கி என்றுதான் கூப்பிட்டார்கள். தபால்தலையை விரலால் தொடமாட்டார், இடுக்கியால்தான் தூக்குவார் என்பது ஒரு காரணம். எச்சில் கையால் காக்காய் ஓட்டாத ஆள் என்பது இன்னொன்று.

அவரிடம் ஒரு கடித உறை இருந்தது. அந்த ஊருக்கு முதன்முதலாகத் தபால் கொண்டுவந்த விமானம் ஏரியில் விழுந்தது. மூட்டையில் இருந்ததெல்லாம் கூழாகிவிட, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த இரண்டு உறைகள் மட்டும் தப்பின. இரண்டும் இடுக்கியின் அப்பா பெயருக்கு வந்தவை. அவர் அவற்றைப் பிரித்துக் காயவைத்து, மகன்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். தம்பி தன்னுடையதைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி, வந்தவன் போனவனுக்கெல்லாம் காட்டினார். இடுக்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். 'உலகத்திலேயே இரண்டுதான்' என்று யாராவது சொன்னால் அவருக்கு வயிறு எரியும். ஒன்று என்றல்லவா இருக்க வேண்டும்!

தம்பி மாரடைப்பில் போன மறுமாதம், தம்பி மனைவி சட்டத்தோடு வந்து நின்றாள்.

"மாமா, உள்ளே மஞ்சளா கறை ஏறுது. அவர் உயிரா வெச்சிருந்தது. கெட்டுப்போயிடுமோன்னு பயமா இருக்கு."

இடுக்கி அதைக் கையில்கூட வாங்கவில்லை. "பூஞ்சைம்மா. காகிதத்தையே தின்னுடும். மதிப்பெல்லாம் தபால்தலைக்குத்தான். வெதுவெதுன்னு தண்ணியில ஊறப்போடு, தானா கழண்டு வரும். உறையைத் தூக்கிப் போட்டுடு."

விமானத் தபால் சேர்க்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உறைதான் உயிர், அதன் கறையும் அஞ்சலகம் குத்திய முத்திரையும்தான் சாட்சி. தபால்தலையைப் பிரித்தால் மிஞ்சுவது குப்பை. இது தெரிந்தேதான் சொன்னார் பாவி.

"நீங்க இருக்கறதுதான் மாமா எனக்கு தைரியம்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அன்று மத்தியானம் இடுக்கி ஒரு பிடி கூடவே சாப்பிட்டார்.

அடுத்து வந்த தபால்தலைக் கண்காட்சியில், 'உலகில் எஞ்சிய ஒரே உறை' என்று அட்டை எழுதி வைத்தார். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று தம்பி மனைவியையும் வரச் சொல்லியிருந்தார். நடுவர் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார்.

"முத்திரை பாதிதான் இருக்கு."

"தண்ணியில அழிஞ்சிடுச்சு."

"அழிஞ்சா மங்கும். இது கோடு போட்ட மாதிரி நிக்குது. முத்திரை குத்தும்போது இன்னொரு உறை இது மேல ஒட்டியிருந்திருக்கு, அப்புறம் பிரிச்சிருக்காங்க. மறுபாதி அதோட முதுகுல இருக்கும். அதைக் கொண்டாங்க, ரெண்டையும் பொருத்திப் பார்த்து அசல்னு நானே எழுதித் தர்றேன். இந்த விமானத்துக்குப் போலி நிறைய ஓடுது. ஜோடி இல்லேன்னா இதையும் அதுல சேர்க்க வேண்டியதுதான்."

தம்பியின் உறையை இடுக்கி கண்ணாடிக்கு வெளியே பார்த்ததே இல்லை. முதுகைத் திருப்பிப் பார்க்கத் தோன்றியதும் இல்லை.

தம்பி மனைவி முந்திக்கொண்டு வந்து, பஞ்சு வைத்த சின்ன டப்பாவைத் திறந்தாள். "இன்னொண்ணு எங்களுதுதாங்க. மாமா சொன்னபடியே ஊறவெச்சேன். தபால்தலை எவ்வளவு சுத்தமா வந்திருக்கு பாருங்க!"

"உறை எங்கேம்மா?"

"அது பின்பக்கம் கறுப்பா அரைவட்டம் மாதிரி இருந்துச்சுங்க. பூஞ்சைன்னு மாமா சொன்னாரே, தலைக்கும் தொத்திக்கக் கூடாதுன்னு முதல்ல அதைத்தான் சோப்புப் போட்டுத் தேய்ச்சேன். மிச்சத்தைச் சாக்கடையில கொட்டிட்டேன்."

நடுவர் இடுக்கியை ஏற இறங்கப் பார்த்தார். பேனாவை எடுத்து அட்டையின் மேல் 'போலி' என்று எழுதினார்.

"அழாதீங்க மாமா," என்றாள் அவள், அவரும் தம்பியை நினைத்துத்தான் அழுகிறார் என்று எண்ணி. "இதையாவது நீங்க வெச்சுக்குங்க." தபால்தலையை எடுத்து அவருடைய வெறுங்கையில் வைத்தாள். வியர்த்த உள்ளங்கையில் அது ஒட்டிக்கொண்டது.