எதிரணிச் சிவப்பு

பல்லைக் காக்கும் கவசமான மவுத்கார்டு டெலானியின் மேல்பல் வரிசையில் உட்கார மறுத்தது. அமுக்கினாள், கடித்தாள். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே நின்றது.

"அம்மா! இதை என்ன பண்ணித் தொலைச்சே?"

ரோண்டா கையைப் பிசைந்தாள். "கழுவினேன்டி. ஈரமா இருக்கேன்னு கார்ல முன்கண்ணாடிக்குக் கீழே காய வெச்சேன்."

அமெரிக்காவின் இண்டியானாவில் பிப்ரவரி மாதக் கடுங்குளிர். கண்ணாடிப் பனி உருக, வழிநெடுக ஹீட்டர் முழு வேகத்தில் ஊதிய கார். கவசம் நெளியாமல் என்ன செய்யும்?

டிசம்பரில் கூடைப்பந்து ஆட்டமொன்றில் ஒரு முழங்கை இடித்து டெலானியின் முன்பல் களத்திலேயே விழுந்தது. திரும்பப் பொருத்திய பல் டாக்டர் ஸ்டக்கி, பல் அச்செடுத்துச் செய்த மவுத்கார்டு இல்லாமல் ஆடவே கூடாது என்று சொல்லியிருந்தார்.

"கடையில விக்கிற கவசத்தை வெந்நீர்ல போட்டு இளக்கிக் கடிச்சுக்கட்டுமா கோச்?"

"அந்தப் பல்லை வெச்சுக்கிட்டா? பேசாம பெஞ்சுல உட்காரு," என்றாள் கோச் பெக்கி.

தோற்றால் சீசன் முடிந்தது. டெலானிக்கோ பள்ளியில் கடைசி வருடம். ஆட்டம் தொடங்க அரைமணிகூட இல்லை.

ஸ்டக்கி அதே அரங்கில்தான் இருந்தார். எதிர் கேலரியில், கன்னத்தில் சிவப்புச் சாயத்தோடு. எதிரணியில் ஆடுவது அவர் மகள்.

நீலச் சீருடையோடு டெலானி சிவப்புக் கூட்டத்துக்குள் படியேறினாள்.

"என்ன பாப்பா, தோக்கறதுக்கு முன்னாடியே கட்சி மாறிட்டியா?" என்று ஒருவன் கத்தினான்.

ஸ்டக்கி நெளிந்த கவசத்தைத் திருப்பிப் பார்த்தார். "கார் ஹீட்டரா?"

தலையாட்டினாள். "என் பல் அச்சு இன்னும் இருக்கா டாக்டர்?"

"கிளினிக் அலமாரியில பத்திரமா இருக்கு." கோட்டை எடுத்தார்.

அவர் மனைவி லோயிஸ் கோட்டின் மறுமுனையைப் பிடித்தாள். "உட்காருங்க! போன தடவை நம்மளைப் பொளந்து கட்டினதே இவதான். ஆட்டம் முடிஞ்சு செஞ்சு குடுங்களேன்!"

"முடிஞ்சப்புறம் அதைப் போட்டுக்கிட்டுத் தூங்கவா போறா? விடு லோயிஸ்."

அவர் போனார். ஆட்டத்தின் முதல் கால் பகுதி முழுக்க டெலானி பெஞ்சில் நகம் கடித்தாள். நீலம் ஒன்பது புள்ளி பின்தங்கியது. இரண்டாவதில் பாதி ஓடியபோது கதவு திறந்தது. சாயம் வழியும் முகத்தோடு ஸ்டக்கி ஒரு சின்ன டப்பாவை நீட்டினார்.

திறந்தாள். உள்ளே பளீரென்று சிவப்பு.

"கவசம் செய்யற நீலத் தகடு தீர்ந்துபோச்சு," என்றார், சிரிக்காமல்.

டெலானி கடித்தாள். பல்லுக்குப் பல் கச்சிதமாகக் கவ்விக்கொண்டது. கோச் குனிந்து வாய்க்குள் பார்த்தாள். ஒரு கணம் முகம் சுளித்தாள்.

"சிரிக்காம ஆடு. போ!"

உள்ளே போன வேகத்தில் பந்தைத் தட்டிப் பறித்தாள். ஓடினாள், எழும்பினாள். பந்து வளையத்துக்குள் விழுந்தது. திரும்பி ஓடும்போது சிவப்புக் கேலரியைப் பார்த்து, பல் அத்தனையும் தெரிய இளித்தாள்.

மேலே ஸ்டக்கி தன்னை மறந்து கைதட்டினார். லோயிஸ் அந்தக் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள்.