பாலனுக்கு விளக்கு எதற்கு

மலேசியாவில், குளுவாங்கில் ஏர்கோன் இயந்திரம் பழுதுபார்க்கும் ஸ்டானிஸ்லாஸும், பாலோவில் இருக்கும் அவருடைய தங்கை புருஷன் மதிவாணனும் ஒரு வாரமாகப் பேசிக்கொள்ளவில்லை. சண்டை சொத்துக்காக அல்ல. இயேசு மனிதனாகப் பிறந்தபோது தெய்வத்தன்மையைக் கையோடு கொண்டுவந்தாரா, மேலேயே வைத்துவிட்டு வந்தாரா என்பதுதான் தகராறு.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், தங்கை பியாட்ரிஸ் வீட்டு வாசலில் இயேசு பிறப்பைக் காட்டும் ஒரு சின்ன நாடகம் நடக்கும். அந்தத் தாமான் குடியிருப்பில் உள்ள எல்லாரும், எந்தச் சாமி கும்பிடுகிறவர்களானாலும், வந்து உட்காருவார்கள். அண்ணன் கத்தோலிக்கர். பியாட்ரிஸ் கல்யாணத்துக்குப் பிறகு புருஷனோடு மெதடிஸ்ட் சபைக்குப் போகிறாள். இரண்டு வீடும் சேர்ந்து செய்கிற ஒரே காரியம் இந்த நாடகம்.

இந்த முறை ஸ்டானிஸ்லாஸ், பாலன் இயேசு படுக்கும் வைக்கோல் தொட்டியின் தலைமாட்டில் வட்டமாக ஒரு விளக்கு பூட்டிக் கொண்டுவந்தார். சுவிட்சைப் போட்டால் கண் கூசியது.

மதிவாணன் கூடவே கூடாது என்றார். மகிமையையெல்லாம் துறந்து, தம்மை வெறுமையாக்கிக்கொண்டுதானே அவர் வந்தார்? பசித்தது, தூங்கினார், அழுதார். அப்புறம் தலைக்குப் பின்னால் விளக்கு எதற்கு? ஸ்டானிஸ்லாஸ் விடவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தாரென்றால் தொட்டியில் கிடந்தது யார், ஏதோ ஒரு பிள்ளையா?

"சுல்தான் கையால டத்தோ பட்டம் வாங்கினவரு கைலி கட்டிக்கிட்டு வந்தாலும் டத்தோதான், மாப்பிள்ளை."

"கைலி கட்டினா டத்தோவையும் கொசு கடிக்கும், மச்சான்."

அன்றோடு பேச்சு நின்றது. அதன்பிறகு எல்லாம் பியாட்ரிஸ் வழியாகத்தான். பாலன் அழுததுகூட நடிப்பா என்று உங்கண்ணனைக் கேள் என்பார் இவர். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை யாரைக் கும்பிடுகிறார் என்று உன் புருஷனைக் கேள் என்பார் அவர். சமையலுக்கு நடுவே போனைக் காதில் இடுக்கிக்கொண்டு கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப்போனது. கடைசியில் அவளே முடிவு செய்தாள். விளக்கு இருக்கட்டும், ஆனால் படுக்கப்போவது பொம்மை இல்லை, நிஜக் குழந்தை. பக்கத்து வீட்டு லோஷினியிடம் அவளுடைய கைக்குழந்தையைக் கேட்டிருந்தாள். லோஷினி இந்து, குழந்தையோ பெண். துணியில் சுற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்?

நாடகத்தன்று பியாட்ரிஸ்தான் மரியாள். மதிவாணன் மைக்கில் கதை சொன்னார். பஞ்சுத்தாடியும் அட்டைக் கிரீடமுமாக பாலனைக் கும்பிடப்போகும் ராஜா வேஷத்தில் வந்த ஸ்டானிஸ்லாஸ், தொட்டியருகே போனதும் சுவிட்சைத் தட்டினார்.

குழந்தை வீறிட்டது. பியாட்ரிஸ் தட்டிக்கொடுத்தும் அடங்கவில்லை. லோஷினி முன்வரிசையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். ஸ்டானிஸ்லாஸ் பதறிப்போய் விளக்கை அணைத்தார், குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அது விக்கி விக்கி அடங்கி, அவருடைய ராஜ அங்கியில் பாலைக் கக்கியது. பிறகு தாடியைப் பிய்த்து வாயில் வைக்கப் போனது. கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தாடியைப் பிடுங்கி வைத்துவிட்டு, குழந்தையை மெல்லத் தொட்டியில் கிடத்தி, அந்த மங்கல் வெளிச்சத்தில் மண்டியிட்டார். சொல்ல வேண்டிய வசனம் மறந்துபோயிருந்தது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அப்படியே இருந்தார்.

எல்லாம் முடிந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மதிவாணன் தட்டோடு வந்து மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வெளக்கு இல்லாமதான் மண்டி போட்டீங்க."

"ஆமா."

"அப்ப நான் சொன்னது சரி."

ஸ்டானிஸ்லாஸ் கறியை மென்று விழுங்கினார். "வெளக்கு இல்லாமலும் அவரு சாமியா இருந்ததுனாலதான் மண்டி போட்டேன். நான் சொன்னதும் அதுதானேலா?"

மதிவாணன் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். பியாட்ரிஸ் இருவர் தட்டிலும் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவர்கள் கவனிக்கவில்லை. அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு லோஷினி பக்கம் போய், ஒரு வாரத்தில் முதன்முறையாக நிம்மதியாகச் சாப்பிட்டாள்.