விதைக்கு விட்ட பழம்

அன்றைக்கு வியாழனா வெள்ளியா என்று எனக்கு நிச்சயமில்லை. மழை பெய்ததாக ஒரு நினைவு; யோசித்தால் அது வேறொரு நாளின் மழையோ என்றும் படுகிறது. மற்றதெல்லாம் நடந்தபடிதான்.

உணவுப்பொருள் கழகத்தையும் தோட்டக்கலை வாரியத்தையும் ஒன்றாக்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் ஜாம் பிரிவும் விதைப் பிரிவும் ஒரே கூரைக்குக் கீழ் வந்துவிட்டன. குளிர் அறையும் ஒன்றுதான். ஜாமுக்குத் துர்கா, விதைக்குக் கமலக்கண்ணன்; குளிர் அறைச் சாவி அவரிடம். இனிமேல் இரண்டுக்கும் சேர்த்து ஒரே மேலாளர், மற்றவருக்குக் காரைக்காலுக்கு மாற்றல். முத்தியால்பேட்டை வீட்டில் பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவனுக்குத் தினமும் மதியம் தன் கையால் ஊட்டிவிட்டு வருகிறவள் துர்கா. காரைக்கால் என்ற பேச்சை எடுத்தாலே அவள் வேறு பேச்சுக்கு மாறிவிடுவாள்.

அன்று காலை பின்பக்கம் போனவள் அப்படியே நின்றாள். கமலக்கண்ணன் குப்பை டிரம்முக்கு முன்னால் குந்தியிருந்தார். முழங்கை வரை பப்பாளிச் சதை.

"யாரு வெட்டுனது?"

"நாந்தான் சார்," என்றாள் ஜாம் பிரிவில் பழம் வெட்டும் அஞ்சலாட்சி, கத்தியைக் கழுவிக்கொண்டே. "ரொம்பக் கனிஞ்சதத்தான் மொதல்ல வெட்டணும். இத்தினி வருசமா எங்களுக்கு அதான் வழக்கம். இது தோலே சுருங்கிக் கெடந்துச்சு. நீங்க என்னா, பழத்த அழுவவுட்டு அழகு பாப்பீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. பூவிலேயே பை கட்டி, வேறு மகரந்தம் படாமல் காத்து, விதை முற்றுவதற்காகவே சுருங்க விட்டு, அவர் குளிர் அறையில் வைத்திருந்த பழங்கள் அவை. பாகூர் விவசாயிகளுக்குத் திங்கட்கிழமை விதை கொடுப்பதாகச் சொல்லியாகிவிட்டது. இப்போது அந்த விதையும் ஜாமுக்கு வாங்கிய கடைப் பழத்து விதையும் ஒரே டிரம்மில் கறுப்பாகப் பளபளத்தன.

துர்கா அஞ்சலாட்சியை உள்ளே அனுப்பினாள்.

"கழுவிக் காயவச்சுக் குடுத்துடலாம் சார். பாக்க எல்லாம் ஒண்ணாத்தானே இருக்குது."

"பூ வந்தா தெரிஞ்சிடும் மேடம். எது காய்க்கும், எது வெறும் ஆண் மரமா நிக்கும்னு சொல்ல முடியாது."

"அதுக்கு மாசக்கணக்கா ஆவும். தண்ணி சரியில்ல, மண்ணு சரியில்லன்னு ஏதாவது சொல்லிக்கலாம். ரூம பூட்டாம போனது நீங்க. எனக்கு மட்டுமா பிரச்சன?"

சொன்ன பிறகுதான், யாருக்கோ பயந்து பேசுவதுபோல் தன் குரல் தணிந்திருந்தது அவளுக்கே தெரிந்தது. அவர் வாளியில் தண்ணீர் பிடித்து, விதையை அள்ளிப் போட்டு, சாம்பலைத் தூவித் தேய்க்க ஆரம்பித்தார். சற்று நின்றுவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தாள். வழுவழுப்பான மேல்தோல் கழன்று தண்ணீரில் மிதந்தது. அவர் விதையைக் கழுவுவதைப் பார்த்து ஒத்துக்கொண்டுவிட்டார் என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

மாலை இயக்குநர் புருஷோத்தமன் இருவரையும் கூப்பிட்டார்.

"பாகூர்காரங்க போன் மேல போன் போடறாங்க. வெத ரெடிதானே, கமலக்கண்ணன்?"

துர்கா மேசைக் கண்ணாடியைப் பார்த்தாள். நகக்கண்ணில் சாம்பல் போகாமல் இருந்தது. கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். இயக்குநர் பேனாவை மூடினார், திறந்தார்.

"என்னாங்க, கேட்டது காதுல வுழுந்துச்சா?"

"வெத இல்ல சார். கலந்துபோச்சு. கோல்டு ரூம நான் பூட்டல."

"தானா கலக்குமா? யாரு கலந்தது?"

கமலக்கண்ணன் துர்காவின் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் அவள் சொல்லியிருப்பாளோ என்னவோ.

"பூட்டாதது நான் சார். அவ்ளோதான்."

"மேடம், உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை.

"தெரியாது சார்," என்றாள் துர்கா.

கமலக்கண்ணன் காரைக்காலுக்குப் போனார். இன்னும் அங்கேதான் இருக்கிறார். கழுவிய விதையைப் போவதற்கு முன் அவரே ஜாம் அடுப்பில் கொட்டி எரித்துவிட்டார். பாகூர்க்காரர்களுக்கு அடுத்த பட்டத்தில்தான் விதை கிடைத்தது. அஞ்சலாட்சி இன்றும் கனிந்ததைத்தான் முதலில் வெட்டுகிறாள். துர்கா மேலாளர் ஆனாள். மதியம் வீட்டுக்குப் போய்க் கணவனுக்கு ஊட்டிவிட்டு வருகிறாள். குளிர் அறையின் சாவி அவளிடம் இருக்கிறது.