உளியார் வெட்டாத பெயர்

கால்பந்து கிளப்பின் அந்தந்த ஆண்டுச் சிறந்த ஆட்டக்காரர் யார் என்பது ஊருக்கெல்லாம் விழா அன்று மாலைதான் தெரியும். உளியாருக்கு மட்டும் ஒரு வாரம் முன்பே தெரிந்துவிடும். அவரைப் பிடித்த சனி அதுதான்.

காரணம் எளிது. உளியார் கிளப்புக்கு லெப்ட் பேக், இடப்பக்கம் காவல் நிற்கிறவர். வயிற்றுப்பாட்டுக்குப் பெயர் வெட்டுகிறவர். கதவுப் பலகை, சாப்பாட்டு டப்பா, பேனா, பித்தளைப் பூட்டு, எதை நீட்டினாலும் சின்ன உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து புள்ளி புள்ளியாகத் தட்டிப் பெயரை எழுப்பிவிடுவார். விழாவுக்கு முந்தின வாரம் கிளப் செயலாளர் விருதுக்கான சுழல் கோப்பையைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி ஏந்தி வருவார். செயலாளர் மருந்துக்கடைக்காரர், வெளியே சொல்ல முடியாத வியாதிக்கு மருந்து சொல்லும் குரல் ஒன்று அவரிடம் உண்டு. அந்தக் குரலில் வென்றவர் பெயரை உளியார் காதில் சொல்வார். உளியார் வெளியே மூச்சு விடக் கூடாது. வெட்டித் தர வேண்டும்.

நான்கு வருடமாக அந்தக் காதில் விழுந்தது ஒரே பெயர். அவருடைய சகலையின் பெயர்.

சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர், லிப்ட் ரிப்பேர் செய்கிறவர், கிளப்பின் ஃபார்வர்டு. அவர் ஆட்டத்தில் குறை கண்டுபிடிக்க உளியார் எவ்வளவோ முயன்று பார்த்திருக்கிறார், கிடைக்கவில்லை. ஒருமுறை சகலை அடித்த பந்து கோல்கீப்பரையும் கூட்டிக்கொண்டு வலைக்குள் போய், வலையைக் கம்பத்தோடு பிடுங்கி, மைதானத்துக்குப் பின்னால் இருந்த மரக்கடையில் கொண்டுபோய் நிறுத்தியது. வந்தது வந்தாயிற்று என்று கோல்கீப்பர் அங்கேயே ஒரு கட்டிலுக்குப் பலகை பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். அப்படிப்பட்ட ஆட்டக்காரருக்குக் கொடுக்காமல் விருதை வேறு யாருக்குக் கொடுப்பது?

நியாயம் புரிந்துவிட்டால் வயிறு எரியாது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லையே. சகலையின் பெயரை வெட்டும் வாரத்தில் உளியாரின் மனைவி இஸ்திரிப் பெட்டியைத் தொடுவதே இல்லை. கசங்கிய சட்டையை அவருக்கு மாட்டிவிட்டால் போதும், முன்பக்கச் சுருக்கமெல்லாம் தானாகப் போய்விடும். முதுகுப் பக்கத்துக்கு மட்டும் சட்டையைத் திருப்பிப் போட வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், வயிறு எரிய எரிய எழுத்து அழகாகிக்கொண்டே போனது. நான்காவது வருடம் வெட்டியதைத் தடவிப் பார்த்த சகலை, “என் பேரு இவ்ளோ நல்லா இருக்கும்னு அதை வச்ச எங்கப்பாவுக்கே தெரிஞ்சிருக்காது சகலை” என்றார். உளியார் சிரித்தார். பல்லுக்குள் உஷ்ணம் தெரிந்தது.

இந்த வருடம் கடைசி ஆட்டத்தில் ஒரு காரியம் நடந்தது. கோல்கீப்பர் கீழே விழுந்து கிடக்க, வலைக்குள் போக இருந்த பந்தை உளியார் கோட்டின் மேல் நின்று முகத்தால் தடுத்தார். பந்து கன்னத்தில் மோதி, கொஞ்சம் யோசித்து, அப்புறம் கீழே விழுந்தது. லீக் பட்டம் கிளப்புக்குக் கிடைத்தது. உளியாருக்குக் கிடைத்தது, பந்துக் கம்பெனியின் முத்திரை. தையலும் எழுத்துமாக இடம் வலம் மாறிக் கன்னத்தில் அப்படியே பதிந்துவிட்டது. கடைக்கு வந்தவர்கள் அதைப் படித்துப் பார்க்கக் கையோடு கண்ணாடி கொண்டுவந்தார்கள்.

இந்த வருடம் எனக்குத்தான் என்று உளியார் வாய் திறந்து சொல்லவில்லை. கோப்பையில் எந்த இடத்தில், எவ்வளவு பெரிய எழுத்தில் என்று மட்டும் முடிவு செய்து வைத்தார்.

திங்கட்கிழமை செயலாளர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை உளியாரே மருந்துக்கடைப் பக்கம் ஒரு நடை போனார். அவரைக் கண்டதும் செயலாளர் அடுக்கி வைத்திருந்த மாத்திரை அட்டைகளைக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்க ஆரம்பித்தார்.

வேறு யாராக இருந்தாலும் இங்கே ஒரு நிமிடம் நின்று யோசித்திருப்பார்கள். பரிசு வாங்கப் போகிறவரிடமே போய், ரகசியம், யாரிடமும் சொல்லாதே என்று அவர் பெயரை வெட்டச் சொல்ல முடியுமா? உளியாருக்கு அந்தப் பக்கம் புத்தி போகவில்லை. இந்த வருடமும் சகலைதான், அதை நம்மிடம் சொல்லப் பரிதாபப்பட்டு வேலையை வெளியே கொடுத்துவிட்டார்கள் என்றுதான் போனது. வெளியே என்றால் ஒரே இடம்தான். அடுத்த தெரு ரப்பர் ஸ்டாம்ப் கடை. அங்கே மெஷினில் பெயர் வெட்டுவார்கள்.

கடை வாசல் கொடியில் துண்டு தொங்கியது.

“இது எங்க கிளப் துண்டு” என்றார் உளியார்.

“அழுக்கா இருந்துச்சுண்ணே, அலசிப் போட்டேன்” என்றார் ஸ்டாம்ப் கடைக்காரர்.

“இதுக்குள்ள என்ன இருந்துச்சு?”

“ஈரத் துண்டுக்குள்ள என்னண்ணே இருக்கும்? தண்ணிதான்.”

“மெஷின்ல விட்டுட்டியா?”

“யாருக்கும் காட்டக் கூடாதுன்னு சொல்லிருக்காங்கண்ணே. அதுலயும் உங்களுக்குக் காட்டவே கூடாதாம்.”

அதுவரை ஒரு பொறாமையோடு இருந்த மனிதர் இரண்டோடு வீடு திரும்பினார். பெயர் சகலைக்குப் போனது ஒன்று, வேலை மெஷினுக்குப் போனது இன்னொன்று.

“அவர் பேராவே இருக்கட்டுமே” என்றாள் மனைவி. “அதை வேற ஒருத்தர் வெட்டினா உங்களுக்கு நிம்மதிதானே?”

“நிம்மதியா? எங்க சகலை பேரை எவனோ மெஷின்ல விட்டுக் கொதறுவான், நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?”

விழா மாலையில் செயலாளர் மேடையேறி மைக்கைத் தட்டி, பெயரைச் சொன்னார். கைதட்டல் கூரையைத் தொட்டது. உளியார் பழக்க தோஷத்தில் சகலையைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

“என்னை ஏன் பாக்குற? உன்னத்தான் கூப்பிடுறாங்க, போ சகலை” என்று சகலை இடுப்பில் குத்தினார்.

வென்றவர் கோப்பையில் பழரசம் ஊற்றிக் குடிப்பது கிளப் வழக்கம். உளியார் கோப்பையை வாயருகே தூக்கினார், பெயரைப் பார்த்தார். ஒல்லி ஒல்லியான எழுத்து, பஸ் டிக்கெட்டில் அடித்தது மாதிரி. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நேர் மேலே சகலையின் பெயர், நான்கு முறை, முத்து முத்தாக. அத்தனையும் உளியாரின் சொந்தக் கை. அவர் கண் கலங்கியதைப் பார்த்துப் பலர் நெகிழ்ந்து போனார்கள்.

ஒரு வருடம் கோப்பை வென்றவர் வீட்டில் இருக்கும். மறுநாளே மனைவி சொன்னாள்: “தங்கச்சி வந்திருந்தா. அவ புருஷன் பேரைத் தடவித் தடவிப் பூரிச்சுப் போனா. உங்க பேரைக் காட்டினேன். ஓ, நான் கீறல்னு நெனச்சேன் அக்கான்னா.”

உளியார் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். மெஷின் எழுத்தை மொத்தமாகச் சுரண்டி எடுத்தார். தன் பெயரைத் தானே வெட்டினார். அழகு மட்டும் போதுமா? சகலையின் பெயரைவிட ஆழமாகவும் இருக்க வேண்டும் என்று தட்டினார். ஏற்கனவே சுரண்டி மெலிந்த தகடு. கடைசிப் புள்ளியில் உளி எந்தத் தடையும் இல்லாமல் மறுபக்கம் போய்விட்டது.

செயலாளரை வரவழைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். பெயரின் கடைசி எழுத்திலிருந்து நூல் பிடித்த மாதிரி ஒழுகியது.

“ஈயம் வச்சு அடைச்சிடலாம்” என்றார் செயலாளர்.

“எது மேல?”

“ஓட்டை மேலதான்.”

“ஓட்டை என் பேருல இருக்கு. ஈயம் என் பேரு மேல பரவும்.”

“அப்ப குடிக்கிறவன் என்ன பண்ணுவான்?”

உளியார் யோசித்தார். “கட்டை விரலை வச்சுக்கச் சொல்லுங்க.”

அப்படியே முடிவானது.

அடுத்த வருடம் செயலாளர் ஒழுங்காகத் துண்டோடு வந்து காதில் சொன்னார். சகலை. உளியார் வெட்டினார். அதுவரை வெட்டியதெல்லாம் வெட்கப்படும்படி அமைந்தது எழுத்து.

மேடையில் சகலை பழரசம் ஊற்றிய கோப்பையை வாங்கி, சொல்லிக்கொடுத்தபடி கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். கிளப் அறையில் மாட்டுகிற படத்தில் இத்தனை வருடத்துப் பெயரும் பளிச்சென்று தெரிந்தது, ஒன்றைத் தவிர. படம் எடுத்து முடிந்ததும் சகலை கூட்டத்தைப் பார்த்து அந்தக் கையை ஆட்டினார். பழரசம் பீய்ச்சி அவர் சட்டையை நனைத்தது.

“பாத்தியா சகலை, உன் பேரு என்னை விடாது போல” என்றார் சகலை, ஆசையாக.

உளியார் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பக்கத்தில் வந்து ஒரு ஈரச் சட்டையை நீட்டினாள்.

“தங்கச்சி குழாயடியில அலசிப் பிழிஞ்சு குடுத்தா. பாவம், மனுஷன் பனியனோட நிக்கிறார். கொஞ்ச நேரம் வயித்து மேல போட்டுக்கோங்க.”

சட்டை காய்ந்தது. கழுத்துப்பட்டை கொஞ்சம் கருகியிருந்ததாகச் சகலை பிற்பாடு சொன்னார்.